சாகாச் சங்கிலியும் உறங்கும் சங்கிலியும்

எங்கள் கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு ஒரு மாலை வேளையில் தமிழ்த்துறை அறைக்கு வந்து ஒரு தாளை என் மேசைமீது வைத்தார். தமிழ்வழி மாணவர்களுக்காகப் பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருப்பதாகவும், அதிலுள்ள சொற்களைச் சரிபார்த்துத் தர வேண்டும் என்றும் கேட்டார். உயிருள்ள சங்கிலி, இறந்த சங்கிலி, உறங்கும் சங்கிலி, விண்மீன், கரம், கரு என்று அவரே சிலவற்றைப் பெயர்த்து வைத்திருந்தார்.

"என்ன சார், கவிதைத் தொகுப்புக்குப் பொருளடக்கமா?" என்றேன்.

"இல்லை சார், பிளாஸ்டிக்" என்றார்.

'உயிருள்ள பாலிமர்' என்று வகுப்பில் சொன்னபோது, அது பாக்டீரியாவைப் போன்றதா என்று ஒரு மாணவி கேட்டாராம். இல்லை என்று சொல்லிவிட்டார். ஆனால் பிறகு ஏன் அதற்கு உயிர் என்ற சொல் என்ற அடுத்த கேள்விக்கு அவரால் சட்டென்று விடை சொல்ல முடியவில்லை. நண்பருடைய ஆய்வு விண்மீன் வடிவ பாலிமர்கள் குறித்தது. அவர் பல மாலைகளில் சொல்லியும், அவர் தந்தவற்றைப் படித்தும் நான் அறிந்துகொண்ட வரலாறு இது. வேதியியலை எனக்கு இயன்ற தமிழில் சொல்கிறேன். பிழையிருந்தால் அது என்னுடையது, நண்பருடையது அன்று.

*

பாலிமர் என்பதற்குப் பாடநூல்கள் பலபடி என்ற சொல்லை வைத்திருக்கின்றன. மோனோமர் எனும் சிறு மூலக்கூறுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு ஆயிரக்கணக்கில் நீளும் சங்கிலி அது. இன்று இது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்தி. ஆனால் 1920இல் சூரிச் நகரில் பேராசிரியராக இருந்த ஹெர்மன் ஷ்டாவ்டிங்கர் இதை எழுதியபோது வேதியியல் உலகின் பெரியவர்கள் அதை ஏற்கவில்லை. ரப்பரும் செல்லுலோஸும் சிறு மூலக்கூறுகளின் திரள்கள், ஏதோ ஒரு பலவீனமான ஈர்ப்பு அவற்றைக் கூழாகச் சேர்த்து வைத்திருக்கிறது என்பதே அன்றைய கொள்கை. பெரிய மூலக்கூறு என்று ஒன்று கிடையாது, ரப்பரை நன்றாகத் தூய்மை செய்தால் அது படிகமாகிவிடும், இந்த எண்ணத்தைக் கைவிடுங்கள் என்ற பொருளில் ஹைன்ரிஷ் வீலாண்ட் தனக்கு அறிவுரை கூறியதை ஷ்டாவ்டிங்கர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீலாண்ட் சாதாரண மனிதர் அல்லர். 1927ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசைப் பெற்றவர். ஷ்டாவ்டிங்கருக்கு அந்தப் பரிசு 1953இல், அவருடைய 72ஆம் வயதில்தான் கிடைத்தது.

ஷ்டாவ்டிங்கர் தன் கொள்கைக்குச் சான்றாக நம்பியவற்றுள் முக்கியமானது பாகுத்தன்மை. ஒரு திரவத்தில் சிறிதளவு பாலிமரைக் கரைத்தால் அது கெட்டிப்படுகிறது. சங்கிலி நீளமாக நீளமாக இன்னும் கெட்டிப்படுகிறது. ஆகவே கரைசல் ஒழுகும் நேரத்தை அளந்தே மூலக்கூறின் எடையைச் சொல்லிவிடலாம் என்றார். பெருமளவு சரி. ஆனால் அவர் அந்தச் சங்கிலிகளை விறைத்த குச்சிகளாகக் கற்பனை செய்திருந்தார். அவை குச்சிகள் அல்ல. கொதிக்கும் நீரில் சேமியாவைப் போலச் சுருண்டு நெளிபவை. மூலக்கூறின் எடை மட்டுமல்ல, அதன் வடிவமும் பாகுத்தன்மையைத் தீர்மானிக்கிறது என்ற கேள்வி இங்கேதான் பிறக்கிறது. விண்மீன் வடிவ பாலிமரின் வரலாறும் இங்கேதான் தொடங்குகிறது.

பால் ஃபுளோரி 1940களில் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குட்இயர் டயர் நிறுவனத்தின் ஆய்வகத்தில் பணியாற்றினார். அவரும் ஷேஃப்கன் என்பவரும் சேர்ந்து செய்த ஆய்வொன்று 1948இல் வெளிவந்தது. நான்கு முனைகளும் எட்டு முனைகளும் கொண்ட அமில மூலக்கூறுகளை நடுவில் வைத்து, ஒவ்வொரு முனையிலிருந்தும் நைலான் வகைச் சங்கிலி ஒன்றை வளர்த்தார்கள். நடுவில் ஒரு கரு, அதிலிருந்து நாற்புறமும் கரங்கள். அவர்கள் அதை விண்மீன் என்று அழைக்கவில்லை; பல சங்கிலி பாலிமர் என்றே தலைப்பிட்டார்கள். அதே எடையுள்ள நேர்ச்சங்கிலியைக் காட்டிலும் இது எளிதாக ஒழுகியது. அடுத்த ஆண்டே ஸிம், ஸ்டாக்மேயர் இருவரும் இதற்கான கணக்கைப் போட்டார்கள். நான்கு கரங்கள் இருந்தால் மூலக்கூறின் பரப்பளவையொத்த ஓர் அளவு நேர்ச்சங்கிலியினுடையதில் 0.625 பங்காகச் சுருங்கும். ஆறு கரங்கள் என்றால் 0.44 பங்கு. ஒரே எடையை ஒரே கயிறாக நீட்டாமல் நடுவில் முடிந்து விரித்தால் அது இடத்தைச் சிக்கனமாக எடுத்துக்கொள்கிறது என்பதுதான் சாரம்.

ஆனால் கணக்கைச் சரிபார்க்க வேண்டுமானால் எல்லா விண்மீன்களும் ஒரே அச்சில் வார்த்தவையாக இருக்க வேண்டும். ஃபுளோரியின் முறையில் கரங்கள் ஒன்று நீளம், ஒன்று குட்டை. சங்கிலிகள் அனைத்தும் ஒரே நேரத்தில் பிறந்து, ஒரே வேகத்தில் வளர்ந்து, இடையில் எதுவும் சாகாமல் இருந்தால்தான் நீளம் ஒத்திருக்கும். அப்படி ஒரு வழி 1948இல் யாரிடமும் இல்லை.

*

வழி கண்டவர் மைக்கேல் ஷ்வார்ட்ஸ். போலந்தில் பிறந்து, பாலஸ்தீனம், மான்செஸ்டர் என்று அலைந்து 1952இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரை அடைந்தவர். 1956இல் அவர் குழுவினர், காற்றும் ஈரமும் அறவே நீக்கிய கண்ணாடிக் கலத்தில், சோடியமும் நாப்தலீனும் சேர்ந்த பச்சை நிறக் கரைசலில் ஸ்டைரீனைச் சேர்த்தார்கள். பச்சை மறைந்து செர்ரிப் பழச் சிவப்பு வந்தது. ஸ்டைரீன் முழுவதும் சங்கிலியாகிய பின்னும் அந்தச் சிவப்பு மறையவில்லை. மறுபடியும் ஸ்டைரீனைச் சேர்த்தால் அதே சங்கிலிகள் விட்ட இடத்திலிருந்து நீண்டன. வேறு மோனோமரைச் சேர்த்தால் அதையும் தொடுத்துக்கொண்டு நீண்டன.

அதுவரை எல்லா பாலிமர்ச் சங்கிலிகளுக்கும் ஒரு முடிவு இருந்தது. இவற்றுக்கு இல்லை. உணவு தீர்ந்தால் காத்திருக்கின்றன, கிடைத்தால் வளர்கின்றன. ஷ்வார்ட்ஸ் இவற்றை 'உயிருள்ள பாலிமர்கள்' என்றார். மாணவி கேட்ட கேள்விக்கு விடை இதுதான். மூச்சு விடுவதால் அன்று, வளர்வதற்கான ஆற்றலை இழக்காமல் இருப்பதால் உயிர். விதைக்கு உயிர் இருக்கிறது என்று நாம் சொல்வதும் ஏறத்தாழ இந்தப் பொருளில்தான்.

உயிருள்ள முனை கிடைத்துவிட்டால் விண்மீன் செய்வது எளிது. நான்கு குளோரின் கைகளைக் கொண்ட சிலிக்கன் மூலக்கூறு ஒன்றில் நான்கு சங்கிலிகளைக் கொண்டுபோய் முடிந்துவிடலாம். ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் மார்ட்டன் குழு 1962இல் இதைச் செய்தது. எளிது என்று சொன்னேன். செய்து பார்த்தபோது நான்காவது கரம் பலவற்றில் ஒட்டவில்லை. மூன்று பருத்த ஸ்டைரீன் சங்கிலிகள் சூழ்ந்துகொண்ட பின் நான்காவதற்கு உள்ளே நுழைய இடமில்லை. கல்யாண வீட்டு வாசலில் நான்கு பேர் ஒரே நேரத்தில் நுழைய முற்படுவதைப் போன்ற சிக்கல். வழிகள் மெல்லக் கண்டறியப்பட்டன. 1993இல் கனடாவில் ரூவர்ஸ் குழு 128 கரங்கள் கொண்ட விண்மீனை உருவாக்கிவிட்டது. அத்தனை கரங்கள் நெருங்கும்போது அது விண்மீனாக அல்லாமல் மென்மையான பந்தைப் போல நடந்துகொள்கிறது.

இவ்வளவு இருந்தும் இந்த முறை எல்லா இடத்திலும் கைகொடுக்கவில்லை. காரணம், ஷ்வார்ட்ஸின் சங்கிலி முனை எதிர்மின் சுமை கொண்டது. ஒரு துளி நீர் பட்டால் செத்துவிடும். அமிலத்தொகுதியோ ஆல்கஹால்தொகுதியோ தாங்கிய மோனோமர்களை நேராகக் கொடுக்கவே முடியாது. சாகாச் சங்கிலி என்றார்கள். ஆனால் காற்றுப் பட்டால் செத்துவிடும் சாகாவரம் அது.

*

தொழிற்சாலைகள் நெடுங்காலமாக வேறொரு வழியில் பாலிமர் செய்துவந்தன. அதற்குத் தனியுறுப்பு முறை என்று பெயர். ஜோடியில்லாத ஒற்றை எலக்ட்ரானைத் தாங்கிய மூலக்கூறு தனியுறுப்பு. அது தன் தனிமையைத் தீர்க்க ஒரு மோனோமரைப் பற்றும். பற்றிய உடன் அந்தத் தனிமை மோனோமரின் மறுமுனைக்கு இடம்பெயரும். அது இன்னொன்றைப் பற்றும். இப்படி ஒரு நொடிக்குள் ஆயிரம் மோனோமர்கள் கோத்துவிடுகின்றன. நீர் இருந்தால் கவலையில்லை. அமிலத்தொகுதி, ஆல்கஹால்தொகுதி எதுவும் பொருட்டில்லை. அதனால்தான் தொழில்துறைக்கு இது உகந்த வழியாயிற்று.

ஆனால் இந்தச் சங்கிலிகளின் ஆயுள் ஏறத்தாழ ஒரு நொடி. இரண்டு வளரும் முனைகள் சந்தித்தால் இரு தனிமைகளும் ஒன்றையொன்று தீர்த்துக்கொண்டு முடிந்துபோகும். சில பிறக்கும்போது சில செத்துக்கொண்டிருக்கும். நீளத்தைக் கட்டுப்படுத்த வழியில்லை. மின்சுமை கொண்ட முனைகள் ஒன்றையொன்று விலக்கும், ஆகவே அங்கே இந்தச் சாவு இல்லை. தனியுறுப்புகளுக்கு விலக்கும் இயல்பே கிடையாது. சந்திப்பதுதான் அவற்றுக்குச் சாவு. ஆகவே தனியுறுப்பு முறையில் சாகாச் சங்கிலி இயலாது என்பதே பாடநூல் முடிவாக இருந்தது.

அந்த முடிவு இன்றும் பொய்யாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இரு முனைகள் சந்தித்தால் சாகும் என்ற விதியை யாரும் வெல்லவில்லை. சந்திக்கும் வாய்ப்பை அரிதாக்கினார்கள், அவ்வளவே. அதற்கு அவர்கள் கண்ட வழி உறக்கம்.

வளரும் முனையில் ஒரு மூடியைப் போட்டுவிடுவது. மூடி இருக்கும் வரை சங்கிலி எதையும் பற்றாது, எதோடும் மோதிச் சாகாது. அவ்வப்போது மூடி கழன்றுகொள்ளும். சங்கிலி விழித்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் சில மோனோமர்களைக் கோத்துக்கொண்டு, மறுபடி மூடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம்போல உறங்கும். எந்தக் கணத்திலும் மிகச் சிலவே விழித்திருக்கும். இரண்டு விழித்த முனைகள் சந்திப்பது அரிதாகிவிடுகிறது. ஒரு நொடி ஆயுளை ஒரு பகல் பொழுதாகப் பங்கிட்டுக் கொடுப்பதுபோல. எல்லாச் சங்கிலிகளும் மாறி மாறி விழிப்பதால் எல்லாம் சற்றேறக்குறைய ஒரே நீளத்தில் வளர்கின்றன.

இந்த எண்ணத்தின் முதல் வடிவத்தை ஜப்பானில் ஓசாகாவில் ஓட்சு 1982இல் முன்வைத்தார். கட்டுப்பாடு அவ்வளவாக வாய்க்கவில்லை. ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வகத்தில் டேவிட் சாலமன், எட்ஸியோ ரிஸார்டோ முதலியோர் நைட்ராக்ஸைடு என்னும் சேர்மத்தை மூடியாகப் பயன்படுத்தலாம் என்று கண்டு காப்புரிமை பெற்றார்கள். அமெரிக்கக் காப்புரிமை 1986இல் கிடைத்தது. காப்புரிமை ஆவணங்களைக் கல்வியாளர்கள் படிப்பது குறைவு. கனடாவில் ஸெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வகத்தில் மைக்கேல் ஜார்ஜஸ் குழு 1993இல் அதே வகை மூடியைக் கொண்டு ஸ்டைரீனில் ஒத்த நீளச் சங்கிலிகளைச் செய்து கட்டுரையாக வெளியிட்டபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. எழுதப்பட்டும் படிக்கப்படாமல் கிடப்பது இலக்கியத்துக்கு மட்டும் நேர்வதன்று.

இங்கே என்னை மிகவும் கவர்ந்தது சூரிச் பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் ஃபிஷர் 1986இல் விளக்கிய ஒரு நுட்பம். மூடியும் ஒரு தனியுறுப்புதான், ஆனால் விநோதமான ஒன்று. அது தன் இனத்தோடு சேர்வதில்லை. வினையின் தொடக்கத்தில் சில சங்கிலி முனைகள் விழித்துச் சந்தித்துச் சாகின்றன. அப்படி இரண்டு சாகும்போது அவற்றின் மூடிகள் இரண்டும் ஆளில்லாமல் மிஞ்சுகின்றன. அவை தமக்குள் சேர்ந்து அழிவதில்லை. மிஞ்சிய மூடிகள் பெருகப் பெருக, விழித்திருக்கும் ஏனைய சங்கிலிகளை அவை விரைந்து மூடிவிடுகின்றன. அதன்பின் சாவு அரிதாகிறது. அதாவது, முதலில் சிலர் சாவதால்தான் மற்றவர்கள் பிழைக்கிறார்கள். கட்டுப்பாடு என்பது வெளியிலிருந்து யாரும் சுமத்துவதன்று. அந்தக் கலத்துக்குள் நேரும் முதற்சாவுகளின் விளைவு. இதை நண்பர் சொல்லி முடித்தபோது நாங்கள் இருவரும் சற்று நேரம் பேசவில்லை.

*

1995ஆம் ஆண்டு இந்த வரலாற்றின் திருப்பம். கியோட்டோவில் மிட்சுவோ சவாமோட்டோவின் குழு ருத்தேனியத்தையும், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் க்ரிஷ்டோஃப் மாத்தியாஷெவ்ஸ்கியும் ஜின்-ஷான் வாங்கும் செம்பையும் கொண்டு, ஒன்றையொன்று சாராமல் ஒரே முறையைக் கண்டறிந்தார்கள். சவாமோட்டோவின் கட்டுரை சில மாதங்கள் முன்னதாக அச்சேறியது. மாத்தியாஷெவ்ஸ்கி இட்ட பெயர் நிலைத்தது. அணு இடமாற்றத் தனியுறுப்புப் பலபடியாக்கல் என்று தமிழில் சொல்லலாம். சுருக்கமாக ஏடிஆர்பி என்கிறார்கள். இங்கே மூடி ஒரு குளோரின் அல்லது புரோமின் அணு. செம்பு அந்த அணுவைச் சங்கிலி முனையிலிருந்து எடுத்துத் தன்மீது வைத்துக்கொள்ளும், முனை விழிக்கும். திருப்பிக் கொடுக்கும், முனை உறங்கும்.

இருவரும் ஒரே நேரத்தில் இதை அடைந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. இருவருமே அதற்குமுன் நேர்மின் சுமைச் சங்கிலிகளில் உழைத்தவர்கள். உறங்கும் முனையும் விழித்த முனையும் மாறி மாறி இருப்பதால் கட்டுப்பாடு வருகிறது என்பதைச் சவாமோட்டோவும் அவருடைய ஆசிரியர் ஹிகாஷிமுராவும் 1984இலேயே அத்துறையில் காட்டியிருந்தார்கள். மாத்தியாஷெவ்ஸ்கி போலந்தின் வூட்ஜ் நகரில் பென்செக் என்ற அறிஞரிடம் அதே மரபில் பயின்றவர். பக்கத்து வயலில் விளைந்த விதையை இருவரும் தத்தம் மடியில் முடிந்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது வழி 1998இல் மீண்டும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ராஃப்ட் என்பது அதன் பெயர். கந்தகச் சேர்மம் ஒன்று சங்கிலிகளுக்கிடையே கைமாறிக்கொண்டே இருக்கும். அது யாரிடம் இருக்கிறதோ அவர் உறங்குவார். உலோகமே வேண்டாம். நிறமும் நெடியும்தான் குறை. இதைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான சான் தாங், சைகோனில் பிறந்து, வியட்நாமிலிருந்து அகதியாக வெளியேறி, 1979இல் ஆஸ்திரேலியா சென்று சேர்ந்தவர்.

*

இனி விண்மீனுக்கு வருவோம். இந்த முறைகள் கைக்கு வந்ததும் விண்மீன் செய்வது ஓர் ஆய்வாளரின் தனித்திறன் என்ற நிலை மாறியது. மூடி போட்ட முனைகள் பல கொண்ட ஒரு மூலக்கூறை நடுவில் வைத்தால் போதும்; ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒரு கரம் வளரும். கருவை எங்கே தேடுவது? சமையலறையிலேயே இருக்கிறது. சர்க்கரையில், அதாவது சுக்ரோஸில், எட்டு ஆல்கஹால்தொகுதிகள் உண்டு. எட்டிலும் புரோமின் முனையுள்ள துண்டுகளை இணைத்தால் எட்டுக் கரங்களுக்கான கரு தயார். குளுக்கோஸ் ஐந்து கரம் தரும். ஸ்டார்ச்சிலிருந்து கிடைக்கும் வளைய வடிவச் சர்க்கரையான பீட்டா சைக்ளோடெக்ஸ்ட்ரின் 21 கரம் தரும். இங்கிலாந்தில் ஹேடில்டன் குழு இத்தகைய சர்க்கரைக் கருக்களைக் கொண்டு விண்மீன்கள் வளர்த்து 2001இல் எழுதியது. ஷ்வார்ட்ஸின் எதிர்மின் முறைக்குச் சர்க்கரை நஞ்சு. இங்கே அதுவே தாய்.

இவ்வளவு எளிதாகிவிட்டதா என்று கேட்டேன். நண்பர் சிரித்து, தன் கணினியில் ஒரு வரைகோட்டைக் காட்டினார். மூலக்கூறுகளை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் கருவியின் படம். ஒரு பெரிய மேடு. அதன் தோளில் ஒரு சிறு திமில்.

"இந்தத் திமிலால்தான் சார் எனக்கு இரண்டு வருஷம் போச்சு" என்றார்.

அந்தத் திமில் சாவின் தடயம். நேர்ச்சங்கிலிகள் இரண்டு மோதிச் செத்தால் இரட்டை நீளமுள்ள ஒரு சங்கிலி கிடைக்கும், அவ்வளவுதான். கூட்டத்தில் அது மறைந்துவிடும். ஆனால் ஒரு விண்மீனின் ஒரு கரம் இன்னொரு விண்மீனின் ஒரு கரத்தோடு மோதிச் செத்தால், இரண்டு முழு விண்மீன்களும் நிரந்தரமாகப் பின்னிக்கொள்கின்றன. மற்றக் கரங்கள் வளர்ந்துகொண்டேயிருக்கும். அவற்றுள் ஒன்று மூன்றாவது விண்மீனைப் பிடிக்கும். விட்டால் கலம் முழுவதும் ஒரே கூழாக இறுகிவிடும். கணக்கைப் பாருங்கள். நூற்றுக்கு ஐந்து கரங்கள் செத்தால், நேர்ச்சங்கிலிகளில் 95 நல்லவை. ஆறு கர விண்மீன்களில் ஆறும் பழுதின்றி இருப்பவை ஏறத்தாழ 74 மட்டுமே. 21 கரமென்றால் 34. தனித்தனிச் சங்கிலிகளில் மன்னித்துவிடக்கூடிய ஒரு சிறு பிழை, கரங்கள் கூடக் கூட மன்னிக்க முடியாததாகிவிடுகிறது. விண்மீன்தான் இந்த முறைகளின் நேர்மையைச் சோதித்த உரைகல் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஃபிஷர் சொன்ன முதற்சாவுகள் இப்போது வேறு முகம் காட்டுகின்றன. கட்டுப்பாட்டுக்கு அவை தேவை. ஆனால் விண்மீனில் ஒவ்வொரு முதற்சாவும் ஒரு முடிச்சு. ஆகவே ஆய்வாளர்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். சாவினால் மிஞ்ச வேண்டிய மூடிகளைச் சாவுக்குக் காத்திராமல் வெளியிலிருந்தே முன்கூட்டிச் சேர்த்துவிட்டார்கள். செம்பு முறையில் இதற்கு அணுவைச் சுமந்த நிலையிலுள்ள செம்பைச் சிறிதளவு தொடக்கத்திலேயே போட வேண்டும். வினை மெதுவாகும், திமில் சிறிதாகும். கரைப்பானைக் கூட்டி விண்மீன்களைத் தள்ளி வைப்பது, மோனோமரில் ஒரு பகுதி மட்டும் தீர்ந்த நிலையிலேயே வினையை நிறுத்திவிடுவது ஆகியவை மற்ற வழிகள். எல்லாமே ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்துப் பெறுபவை.

ராஃப்ட் முறையில் இன்னொரு வழியும் உண்டு. கந்தக மூடியைக் கருவோடு நிரந்தரமாகக் கட்டிவிட்டால், கரம் விழிக்கும்போது கருவை விட்டுக் கழன்று வெளியே போய் வளர்ந்துவிட்டு, உறங்கக் கருவுக்குத் திரும்பும். விழித்த கரம் கருவில் இல்லாததால் விண்மீனும் விண்மீனும் பின்னிக்கொள்ள முடியாது. அழகான ஏற்பாடு. ஆனால் கரங்கள் நீண்ட பின் கருவைச் சுற்றிக் கூட்டம் நெருக்குகிறது. வெளியே போனவை வீடு திரும்ப வழியில்லாமல் வெளியிலேயே ஒன்றோடொன்று மோதிச் சாகின்றன. மார்ட்டனின் நான்காவது கரம் 1962இல் நின்ற அதே வாசல்.

கரங்களை முதலில் வளர்த்து, இரு முனைகளிலும் பற்றும் டைவினைல்பென்சீன் போன்ற ஒன்றைச் சேர்த்து அவற்றை நடுவில் பின்னிவிடுவது மூன்றாவது வகை. ஷ்வார்ட்ஸ் மரபிலிருந்து வந்த பழைய வழி இது. நூற்றுக்கணக்கான கரங்கள்கூட வாய்க்கும். ஆனால் எத்தனை என்பது சராசரிதான்.

கரங்களின் எண்ணிக்கையை எப்படிச் சரிபார்ப்பது என்பதும் சுவையான கேள்வி. கருவையும் கரத்தையும் பிணைக்கும் எஸ்டர் பிணைப்புகளைக் காரத்தால் அறுத்து, உதிர்ந்த கரங்களை அளந்து, முழு விண்மீனின் எடையை அதனால் வகுக்கிறார்கள். அதாவது விண்மீன் என்பதை மெய்ப்பிக்க அந்த விண்மீனை உடைத்தாக வேண்டும்.

*

இவற்றால் பயன் என்ன என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். வாகனங்களின் என்ஜின் ஆயிலில் பாலிமர் கலக்கிறார்கள். சூட்டில் எண்ணெய் நீர்த்துப்போகாமல் அது காக்கிறது. நீண்ட நேர்ச்சங்கிலி பற்சக்கரங்களுக்கிடையே நசுங்கி நடுவில் அறுந்தால் பாதி எடை போய்விடும். விண்மீன் அறுந்தால் ஒரு கரம்தான் போகும். ஷ்வார்ட்ஸ் மரபில் செய்த விண்மீன்கள் நெடுங்காலமாக இதற்குப் பயன்பட்டன; பின்னர் லூப்ரிசால் நிறுவனம் ராஃப்ட் முறையில் செய்த விண்மீன்களை ஆஸ்டெரிக் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஷ்டாவ்டிங்கர் தன் மூலக்கூறுகளுக்குச் சான்று தேடிய பாகுத்தன்மையே கடைசியில் சரக்காகியிருக்கிறது.

இன்னொன்று எண்ணெயைவிட அழகானது. விண்மீன் வடிவ பாலிஸ்டைரீன் கரைசலை ஈரக்காற்றில் உலரவிட்டால், கரைப்பான் ஆவியாகும் குளிரில் காற்றின் ஈரம் நுண்துளிகளாக மேலே படிந்து வரிசைகட்டி, உலர்ந்தபின் தேனடை போன்ற அறுகோணத் துளைகளை விட்டுச்செல்கிறது. ஃபிரான்ஸில் இதை 1994இல் கண்டறிந்து எழுதினார்கள். சிட்னியில் மார்ட்டினா ஸ்டென்ஸெல் முதலியோர் 2001இல் கட்டுப்பட்ட தனியுறுப்பு முறைகளில் வளர்த்த விண்மீன்களைக் கொண்டு அதே தேனடைகளை உருவாக்கிக் காட்டினார்கள். கண்ணாடியில் ஊதினால் படியும் ஆவிதான் அச்சு.

செம்பைப் பற்றியும் ஒரு சொல். தொடக்கத்தில் வினை முடிந்த பாலிமர் பச்சையாகவும் நீலமாகவும் இருக்குமாம். அத்தனை செம்பு தேவைப்பட்டது. உடலுக்குள் செல்லும் மருந்தைச் சுமக்க வேண்டிய விண்மீனுக்கு அது ஆகாது. 2006இல் பிட்ஸ்பர்க் குழு, வைட்டமின் சி போன்ற எளிய பொருள்களால் செம்பைத் திரும்பத் திரும்பப் புதுப்பித்து, அதன் தேவையைப் பத்து லட்சத்தில் சில பத்துப் பங்குகளுக்குக் குறைத்துக் காட்டியது.

*

நிற்க. நண்பர் கேட்டது சொற்களைத்தானே.

1990களின் பிற்பாதியில் இந்த முறைகளை எல்லோரும் உயிருள்ள தனியுறுப்பு முறை என்று எழுதினார்கள். ஷ்வார்ட்ஸின் வரையறைப்படி சாவே இல்லாததுதான் உயிருள்ளது. இங்கே சாவு உண்டு, குறைவு, அவ்வளவே. ஆகவே அந்தச் சொல்லை இதற்குத் தருவது பொய் என்றார்கள் சிலர். மாத்தியாஷெவ்ஸ்கி போன்றோர் 'கட்டுப்பட்ட' என்ற சொல்லை விரும்பினார்கள். எதுதான் கட்டுப்படவில்லை, அந்தச் சொல் எதையுமே குறிப்பதில்லை என்றார்கள் மற்றவர்கள். 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்விதழில் இந்தப் பெயர்களைப் பற்றி ஒரு விவாதமே நடந்தது. ஷ்வார்ட்ஸ் காலமானதும் அந்த ஆண்டில்தான். இறுதியில் வேதியியலின் சொல்லாக்க அமைப்பான ஐயுபாக் 2010இல் இரண்டு சொற்களையும் தவிர்க்குமாறு பரிந்துரைத்து, மீள்தகு செயலிழப்புத் தனியுறுப்புப் பலபடியாக்கல் என்று பொருள்படும் நீண்ட பெயரை முன்வைத்தது. துல்லியமான பெயர். நாவில் நிற்காத பெயர். நண்பர் உட்படப் பலர் இன்றும் பேச்சில் பழைய சொற்களையே ஆள்கிறார்கள்.

நான் இதில் ஐயுபாக்கின் பக்கம் பாதிதான் நிற்பேன். 'உயிருள்ள' என்பதை அவர்கள் நீக்கியது சரி. அந்தச் சொல் ஷ்வார்ட்ஸின் சிவப்புக் கரைசலுக்கு உரியது. ஆனால் 'செயலிழப்பு' என்று சொல்லும்போது, விழித்தெழும் செய்தி சொல்லிலிருந்து நழுவி அடைமொழிக்குப் போய்விடுகிறது. செயலிழந்தது என்றால் தமிழில் பழுதானது என்றே பொருள்படும். இங்கே எதுவும் பழுதாகவில்லை. சங்கிலி உறங்குகிறது, உறங்குவது விழிக்கும் என்பது சொல்லிலேயே இருக்கிறது. செத்ததற்கும் உறங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் மொழியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாளில் 'உயிருள்ள' என்பதை ஷ்வார்ட்ஸ் முறைக்கு மட்டும் விட்டுவைத்து, மற்றதற்கு 'உறங்கி வளரும் தனியுறுப்பு முறை' என்று பென்சிலால் எழுதிக் கொடுத்தேன். தேர்வுத்தாள் மொழிபெயர்ப்பவர்கள் ஏற்கமாட்டார்கள் சார் என்று சொல்லிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்தப் பருவத்துக் குறிப்பில் அந்தச் சொல் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் ஐயுபாக் பெயரும் இருக்கிறது.